முழங்காலுக்கு வைத்த நேர்த்தி

என் கணவரை அடித்தவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பொலிசுக்கு நான்கு என்றார். எனக்கு ஒருநாள் மூன்று என்றார், இன்னொரு நாள் ஐந்து என்றார். அடி வாங்கியவனிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன். சப்வே என்கிற நிலத்தடி ரயிலுக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில் மறித்து, எங்கள் நிறத்து ஆட்கள் எல்லோருக்கும் இந்த ஊர் அப்போது வைத்திருந்த அந்த ஒரே பெயரைச் சொல்லி, முகத்திலும் வயிற்றிலும் குத்தி, கடைசியில் உதைத்து உருட்டிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம், சனம் நிறைந்த நேரம். கீழே கிடந்தவரைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் ரயிலுக்குப் போனார்களாம். கென்சிங்டன் சந்தையில் வாங்கிய மீன் பார்சல் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அதை நான் குப்பையில் போட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். நாங்கள் பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஒரு தையல் கூடத்தில் கோட்டுகளுக்கு உள்துணி வைத்துத் தைத்தேன். பிள்ளைகள் இல்லை. அவர் சாதுவான மனிதர். சண்டை என்றால் அது என் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். நான் கத்துவேன், அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். அப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருடைய முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்திருப்பதாகச் சொன்னார்கள். கம்பி வைத்துக் கட்டுவோம், நடப்பது கடவுள் செயல் என்றார் டாக்டர். அவர் அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். நான் அப்படி எடுக்கவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கடவுள் செயல் என்று ஒரு விஷயம் வந்துவிட்டால் உடனே நேர்த்தி வைப்போம். மெழுகுதிரி, மாலை, கால்நடையாகக் கோயிலுக்குப் போவது என்று ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. இந்த ஆபத்து பெரிது, நேர்த்தியும் பெரிதாக இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. ரோமாபுரியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. யேசுநாதர் விசாரணைக்கு ஏறிய படிகள் என்று சொல்வார்கள். அதில் காலால் ஏறக் கூடாது, முழந்தாளிட்டே ஏறவேண்டும். இவருக்குக் கால் சுகமாகி நடந்தால், இவரைக் கூட்டிப்போய் அந்தப் படிகளில் முழங்காலால் ஏறவைப்பேன் என்று கட்டிலடியில் நின்று நேர்ந்துவிட்டேன். படியால் உருட்டிவிட்டவரைப் படியாலேயே ஏற்றவேண்டும் என்ற ஆத்திரம்தான் அதில் பாதி. முழங்காலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அவரிடம் சொன்னேன். வீங்கிய வாயைத் திறந்து அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

"கால் சுகமானால் அதே காலைப் போட்டுத் தேய்க்கிறன் எண்டு நேர்ந்த ஆள் உலகத்திலை நீ ஒருத்திதான்."

பிறகு எங்கள் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். இன்னொருவர் முழங்காலுக்காக நீ வைத்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாது என்று அந்த வெள்ளைக்காரச் சாமியார் அன்பாகச் சொன்னார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. பிள்ளைக்காகத் தாய் நேர்ந்தால் பிள்ளைதான் மொட்டை போடவேண்டும். தாய் போடுவதில்லை.

கால் சுகமாகித்தான் வந்தது. ஆறேழு மாதத்தில் தடி இல்லாமல் நடந்தார். ஆனால் நடந்து வந்த ஆள் வேறு ஆள். தொழிற்சாலையிலிருந்து ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். முழங்கை நீளத்துக்குக் கனமான இரும்பு. அந்தப் பக்கத்துப் பை கிழிந்து தொங்கியதை நானே தைத்துக் கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். சப்வேயை விட்டுவிட்டு ஸ்ட்ரீட்காரில், அதுதான் டிராமில், சுற்றிப் போனார். அதில் ஒருநாள் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவனின் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடியோடு வைத்து அழுத்தினார். அவன் தன் சிநேகிதி சொன்ன எதற்கோ சிரித்தவன். வீட்டில் பீங்கான் உடைந்தது, அலமாரிக் கதவு உடைந்தது. பூசைக்கு வந்தால் கைகளைப் பைக்குள் விட்டபடி நிற்பார். எல்லோரும் கும்பிடும் நேரத்திலும் அவர் கை வெளியே வராது. விசுவாசம் போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தேத்தண்ணிக்குப் பால் விடவா என்று கேட்க அவர் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான். ஸ்பானர் சுழன்று வந்தது. என் காதுக்குப் பக்கத்தால் போய்ச் சுவர் அலமாரியில் இறங்கியது. பலகை சிதறி என் கன்னத்தில் குத்தியது. வீட்டுக்குள்ளும் அதைப் பைக்குள் வைத்திருந்திருக்கிறார். அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், போய்க் கட்டிலில் படுத்துவிட்டார். மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் கூட. அடுத்த நாளே ரோமுக்கு டிக்கெட் போட்டேன். திரும்பும் வழி லண்டன். அங்கே என் அண்ணன் இருந்தார்.

டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு நேரே சொன்னேன்.

"உந்த இரும்பு உங்கடை பொக்கற்றிலை இருக்குமட்டும் நான் உங்களோடை இருக்க ஏலாது. ரோமாலை திரும்பி வரேக்கையும் அது இருந்தால், நான் லண்டனிலை அண்ணையோடை நிண்டிடுவன்."

அவர் இந்த முறை ரேடியோவையும் கூட்டவில்லை. நான் சொன்னால் செய்வேன் என்பது அவருக்குத் தெரியும். ரோமில் பெட்டியைத் திறந்தபோது அவருடைய பனியன்களுக்குள் சுற்றி ஸ்பானர் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ரோமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். வசந்தம் தொடங்கியும் குளிர் விடவில்லை. முதல் இரண்டு நாட்களும் ஊர் பார்த்தோம். பெரிய கோயிலின் கூரையைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து நொந்தது. நீரூற்றுகள் வடிவு, கோப்பி நல்ல கோப்பி, வீதியைக் கடக்க மட்டும் உயிரைக் கையில் பிடிக்கவேண்டும். சுவரெல்லாம் சிவப்பு மையில் கட்சிக்காரர்களின் கோபம். ஒரு சந்தியில் இரண்டு கூட்டம் கல்லும் தடியுமாக ஓடியதைக் கண்டு ரொட்டி சுடும் ஒரு பாண் கடைக்குள் ஒதுங்கினோம். கடைக்காரி கதவை இறக்கிவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு பணிஸ் தந்தாள், மழைக்கு ஒதுங்கியவர்களுக்குக் கொடுப்பது போல. இவருடைய கை பைக்குள் ஸ்பானரைப் பிடித்தபடியே இருந்தது.

மனிதரையும் மிருகத்தையும் மோதவிட்ட அந்தப் பெரிய வட்ட அரங்குக்குப் போனபோதுதான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். சிங்கங்களை எங்கே கட்டினார்கள், தோற்றவனை எந்த வாசலால் இழுத்துப்போனார்கள் என்று வழிகாட்டியைக் குடைந்து எடுத்தார். எங்கள் வேதக்காரரை, அந்தக் காலக் கிறிஸ்தவர்களை, இங்கேதான் கொன்றார்கள் என்று நான் சிலுவை போட்டேன். இவரோ சண்டை பிடிக்கிறவனுக்கு என்ன ஆயுதம் கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார். லண்டனில் அண்ணன் வீட்டில் எந்த அறை தருவார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் நேர்த்தி தீர்க்கும் நாள். நான் கூறைச்சீலை உடுத்தேன். தாலிக்கொடியைப் போட்டேன். எங்கள் ஊரில் நேர்த்திக்குப் போகிறவள் இருக்கிற நகையைப் போட்டுக்கொண்டுதான் போவாள். அதை ஒளித்துப் போடுவதும் சரியில்லை, கடவுளுக்குக் கள்ளக் கணக்குக் காட்டின மாதிரி. ஆகவே கோட்டுக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படக் கொடியை எடுத்துவிட்டேன். புறா பதித்த எங்கள் கத்தோலிக்கத் தாலி வயிற்றுக்கு மேலே ஆடியது. இது ரோம், கள்ளர் ஸ்கூட்டரில் வருவார்கள் என்று விடுதிக்காரி சைகையால் நடித்தே காட்டினாள். உள்ளே விடு என்று இவரும் இரண்டு தரம் சொன்னார். நான் கேட்பேனா? யேசுநாதரின் படிக்குப் போகிறவளைக் கள்ளன் தொடுவானா என்றேன்.

தொட்டான். படிக்கட்டு இருக்கும் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காலை வெயிலில், பின்னால் ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் என் தொண்டை இறுகியது.

யாழ்ப்பாணத்துக் கொடி என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது சங்கிலி இல்லை, முறுக்கின தங்கக் கயிறு. என்னுடையது சின்னவிரல் தடிப்பு. ஸ்கூட்டரின் பின்னால் இருந்தவன் பாவம், இத்தாலியப் பெண்களின் நூல் போன்ற சங்கிலிகளை இழுத்துப் பழகியவன். அறுந்து வரும் என்று நினைத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். கொடி அறவில்லை. என் கொண்டையில் மாட்டிக்கொண்டு கழன்றும் வரவில்லை. நான் விழுந்தேன். ஸ்கூட்டர் என்னைக் கல்லு ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது. சீலை கிழிகிற சத்தம் கேட்டது, பிறகு என் முழங்கைத் தோல். மூச்சு இல்லை. அடுத்த கணம் ஸ்கூட்டரே என் பாரம் தாங்காமல் சரிந்தது. ஓட்டினவன் எழும்பி ஓடிவிட்டான். பின்னால் இருந்தவன் ஸ்கூட்டருக்குக் கீழே கால் அகப்பட்டுக் கிடந்தான். அவன் வலது கையில் என் கொடி சுற்றியிருந்தது. கொடியின் மற்றப் பக்கம் என் கழுத்தில். இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளியில் முகத்துக்கு முகம் கிடந்தோம். பெடியன் இல்லை, நாற்பது வயது வரும். முன்மண்டை வழுக்கை. மற்றக் கையில் கல்யாண மோதிரமும் இருந்தது.

அப்போதுதான் இவர் வந்தார்.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிவதை நான் இரண்டு விதமாக அறிந்தேன். காதால் கேட்டேன், பிறகு அவன் கை துள்ள, கொடி என் கழுத்தை வெட்டியது. இரண்டாவது அடி விலாவில். மறுபடியும் கொடி இழுத்தது. அவனுக்கு விழுந்த ஒவ்வொரு அடியும் அந்தக் கொடி வழியாக எனக்கு வந்தது. அவன் மற்றக் கையை விரித்து மேலே நீட்டினான். அந்தக் கையிலும் அடி விழுந்தது. சனம் கூடிவிட்டது. ரொறன்ரோவில் சுற்றிக்கொண்டு போனவர்களை நினைத்து ஒரு வருடம் வயிறெரிந்தவள் நான். இங்கே ஒருவரும் சுற்றிப் போகவில்லை. கை தட்டினார்கள். ஒரு கிழவர் தன் பங்குக்கு வந்து அவன் இடுப்பில் உதைத்துவிட்டுப் போனார். எது பெரிய அநியாயம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நிறுத்துங்கோ என்று கத்தப் பார்த்தேன். தொண்டையால் சத்தம் வரவில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் நான் இல்லை. என்னைக் காப்பாற்ற அடிக்கிற ஆளாக இருந்தால் என் கழுத்தை ஒருதரம் பார்த்திருப்பார். அவர் அங்கே அடித்துக்கொண்டிருந்தது அந்தக் கள்ளனையும் இல்லை. ஸ்பானர் மறுபடியும் மேலே போனது. இந்த முறை தலைக்கு. இது இறங்கினால் அவன் செத்தான், இவர் மறியலில் கம்பி எண்ணுவார், நான் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவ்வளவும் எனக்கு ஒரே மூச்சில் விளங்கியது.

அவருடைய கால்கள் என் காலடியில் இருந்தன. படுத்த படியே என் காலை மடக்கி, தையல் மெசினை மிதித்து மிதித்து உரமேறிய அந்தக் காலால், கம்பி வைத்துக் கட்டிய முழங்காலைப் பார்த்து உதைத்தேன். தவறிப் படவில்லை, குறி பார்த்துத்தான் உதைத்தேன். மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை உருட்டி, மாதம் மாதமாக நான் மன்றாடின முழங்கால் அது. உள்ளே ஏதோ மளுக்கென்றது. அவர் வாழைமரம் சாய்கிற மாதிரி விழுந்தார். ஸ்பானர் கல்லில் விழுந்து எங்கேயோ உருண்டு போனது.

அவர் ரோட்டில் இருந்தபடியே காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழாத மனிதர், சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். யாரோ அந்த மனிதனின் கையிலிருந்து என் கொடியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினார்கள். நான் தவழ்ந்து இவரிடம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டனான். அந்தப் படியிலை நிண்டு அவங்களைக் கும்பிட்டனான். கும்பிடக் கும்பிட அடிச்சவங்கள்."

பூசையில் பைக்குள் இருந்த கைகள் எனக்கு அப்போதுதான் விளங்கின. ஒரு வருடமாக ஒரே கட்டிலில் படுத்தும் இதை எனக்குச் சொல்லவில்லை. எலும்பு முறிந்ததைச் சொன்னார், பல்லுப் போனதைச் சொன்னார், கும்பிட்டதைச் சொல்லவில்லை. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. என் கழுத்து ரத்தம் அவர் கோட்டில் வழிய அப்படியே பக்கத்தில் இருந்தேன்.

பொலிஸ்காரர் வந்து இவருடைய தோளில் தட்டிப் பாராட்டினார். ஸ்பானரைச் சாட்சிக்கென்று எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதனை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். தோளும் விலாவும் கையும் முறிந்திருந்தாலும் உயிருக்குப் பயமில்லை என்று விடுதிக்காரி பிறகு விசாரித்துச் சொன்னாள். என் காலால் உயிர் தப்பினதை அவன் அறிந்திருக்க மாட்டான். கொடி அவனை எவ்வளவு வெட்டியது என்றும் நான் கேட்கவில்லை. என் கழுத்தைச் சுற்றிக் கிடந்த காயம் மாற வெகு நாளானது.

அடுத்த நாள், காலில் மாவுக்கட்டும் கையில் ஊன்றுகோலுமாக இவரைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். சும்மா திரும்ப எனக்கு மனமில்லை. முழந்தாளிட அவருக்கு இனி வழியில்லை, அந்த வழியை அடைத்தவளும் நான்தான். அவரைப் படிகளின் அடியில் ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு நானே ஏறினேன். பளிங்குக்கு மேல் பலகை அடித்த படிகள், சனத்தின் முழங்கால் பட்டுக் குழி விழுந்தவை. தேய்ந்த என் முழங்கால் தோல் ஒவ்வொரு பலகையிலும் ஒட்டி உரிந்தது. ஒரு படியில் செபம் சொன்னேன், ஒரு படியில் இவரை அடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் திட்டினேன், ஒரு படியில் இவரைத் திட்டினேன். பக்கத்தில் ஏறிய கன்னியாஸ்திரிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் ஊன்றுகோலில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடவில்லை. கும்பிடுங்கோ என்று அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

லண்டனில் அண்ணன் வந்து நின்றார். அங்கே தங்கிவிடக்கூடும் என்று அவருக்கு நான் முன்பே எழுதியிருந்தேன். என் பெட்டி எது என்று கேட்டார். விமான நிலையத்தார் தந்த சக்கர நாற்காலியில் இவர் இருந்தார், கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"நீ இஞ்சை நிக்கேல்லையோ?"

"உங்களை ஆர் தள்ளுறது?" என்றேன்.

அண்ணன் எங்களுக்குக் கோப்பி வாங்கித் தந்து வழியனுப்பிவிட்டார்.

ரொறன்ரோவில் மறுபடியும் அறுத்துக் கம்பி வைத்தார்கள். இந்த முறை கால் மடங்கவே இல்லை. அவர் தொழிற்சாலையில் ஸ்பானர் பிடித்து வேலை செய்தார், அதை வேலை முடிய அங்கேயே வைத்துவிட்டு வந்தார். சப்வேயில் விறைத்த காலை நீட்டிக்கொண்டு இருப்பார். தட்டுப்பட்டு யாராவது முறைத்தால் பேசாமல் காலை இழுத்துக்கொள்வார். கோபம் அடியோடு போனது என்று சொல்ல மாட்டேன். பீங்கான் இடைக்கிடை உடைந்தது. ஆனால் என் பக்கம் ஒருநாளும் கை ஓங்கவில்லை.

ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் காலைப் பார்த்துக் கேட்பார்கள். சப்வேயில் அடித்து உடைத்தார்கள் என்பார். டாக்டருக்கும் அதுதான், சாமியாருக்கும் அதுதான். ரோமைப் பற்றிக் கேட்டால் நீரூற்றைச் சொல்வார், கோப்பியைச் சொல்வார். நான் பக்கத்தில் பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை எல்லோரும் போனபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் பொய் சொல்கிறீர்கள், நான்தான் உடைத்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே, இன்றைக்கு அதே இடத்தில் விட்டாலும் அதே காலைத்தான் உதைப்பேன் என்று சத்தம் போட்டேன். அவர் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"சொன்னால் ஆக்கள் உன்னைப் பொல்லாதவள் எண்டு நினைப்பினம்."

"நான் பொல்லாதவள்தான்."

"ஓம். அது எனக்குத் தெரியும். மற்றவைக்கு ஏன்?"

காலை இழுத்துக்கொண்டு போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.